அர்ஜென்டினா, உருகுவே பண்ணை வீடுகள்: ஒரு பகல் போதுமா, மூணு ராத்திரி தங்கணுமா?

தறிக்காரன் | பதிவு 1

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர்ல ஆபீஸ் வேலையா புவனோஸ் அயர்ஸ் போறேன். வேலை முடிஞ்சதும் 6 நாள் கையில இருக்கு. மனைவி, 10 வயசுப் பொண்ணு, 64 வயசு அம்மா மூணு பேரும் அந்தக் கடைசி வாரத்துக்கு வந்து சேர்றாங்க.

யாரைக் கேட்டாலும் இகுவாசு அருவிக்குப் போங்கறாங்க. எனக்கு என்னமோ அந்தப் புல்வெளிதான் மனசுல நிக்குது. மேடு பள்ளம் இல்லாம கண்ணுக்கெட்டின தூரம் புல்லு, அதுல மாடு, குதிரை. அங்க பண்ணைக்காரங்களே வீட்டுல விருந்தாளிகளைத் தங்க வெக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன். போனவங்க யாராவது இருக்கீங்களா?

ரெண்டு சிக்கல். அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. நாங்க கோழி, ஆடு சாப்பிடுவோம், மாடு இல்ல. அப்புறம், எங்க வீட்டுல யாருக்கும் குதிரை ஓட்டத் தெரியாது. ஊட்டி ஏரிக்கரையில ஒருத்தர் கயித்தைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போன குதிரையில பொண்ணு ஒருவாட்டி உக்காந்திருக்கா. அதோட சரி.

பனங்கிழங்கு | பதிவு 2

நாங்கள் ரொறன்ரோவில இருந்து 2019 மாசியில போனனாங்கள். சான் அந்தோனியோ தே அரேக்கோ எண்டு ஒரு ஊர். புவனோஸ் அயர்ஸில இருந்து 113 கிலோமீற்றர், 8ஆம் நெடுஞ்சாலையில நேர போகலாம். வடிவான பழைய ஊர். 1857இல கட்டின ஒரு பாலம் இருக்கு, வெள்ளி வேலை செய்யிற பட்டறையள் இருக்கு, கௌச்சோக்களைப் பற்றின அருங்காட்சியகமும் இருக்கு. அங்கத்தைய மாட்டுக்காரரைத்தான் கௌச்சோ எண்டுறது.

ஊரைச் சுத்தி இருக்கிற பண்ணையளில 'தீயா தே காம்போ' எண்டு ஒரு பகல் ஏற்பாடு வச்சிருக்கினம். காலமை போய் இறங்கின உடன எம்பனாதாவும் (உள்ளுக்குப் பூரணம் வச்ச பலகாரம்) வைனும் தருவினம். பிறகு குதிரையில அல்லது வண்டிலில ஒரு சுற்று. மத்தியானம் விறகு நெருப்பில வாட்டின இறைச்சி, பிறகு பாட்டு, ஆட்டம், குதிரை விளையாட்டு. பின்னேரம் தேத்தண்ணி குடிச்சிட்டு நகரத்துக்குத் திரும்பலாம். எங்களோட வந்த மாமிக்கு 70 வயசு. ஒரு கரைச்சலும் இல்லை. உங்கட அம்மாவுக்கும் இதுதான் சரி.

ஊர்க்குருவி | பதிவு 3

வேலை நிமித்தமாக உருகுவே தலைநகர் மான்டெவீடியோவில் 3 வருடம் இருந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

பகல் ஏற்பாடு பண்ணை வாழ்க்கை இல்லை, பண்ணையில் நடக்கும் கல்யாண மண்டபம். நூறு பேர், நீள மேசைகள், மைக். உங்கள் முறை வரும்போது 20 நிமிடம் குதிரையில் ஏற்றி இறக்கி, படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். நான் முதல் முறை அப்படி ஒரு இடத்துக்குத்தான் போனேன் (பெயர் வேண்டாம்). எனக்கு வந்த குதிரை அன்றைக்கு எட்டாவது ஆளைச் சுமந்துகொண்டிருந்தது. வளைவு வந்தால் தானாகத் திரும்பியது. கடிவாளம் என் கையில் இருப்பது அதற்குத் தெரிந்த மாதிரியே இல்லை.

நீங்கள் சொல்லும் அந்தப் புல்வெளி வேண்டுமானால் ஆற்றைக் கடந்து உருகுவேக்கு வாருங்கள். அர்ஜென்டினாவின் நல்ல பாம்பா (சமவெளிப் புல்வெளி) நிலத்தில் பெரும்பகுதியை இப்போது சோயாவும் சோளமும் கோதுமையும் எடுத்துக்கொண்டுவிட்டன. உழாத புல் இன்னமும் பரந்து கிடப்பது உருகுவேயிலும் அதை ஒட்டிய தென் பிரேசிலிலும்தான். அங்கேயும் எல்லாம் அப்படியே இல்லை. காகிதக்கூழ் ஆலைகளுக்காகத் தைல மரக்காடு பரவிக்கொண்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் போகும்போதே தெரியும்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். உருகுவே தட்டையான நாடு இல்லை. அலை அலையாக ஏறி இறங்கும் நிலம். ஆனால் நாட்டிலேயே உயரமான மலையே 514 மீட்டர்தான், அதனால் அம்மாவுக்கு மூச்சு வாங்காது.

அங்கே சிறு பண்ணைக் குடும்பங்கள் நான்கைந்து அறைகளை ஒதுக்கி விருந்தாளிகளை ஏற்கிறார்கள். மாட்டு விலை விழும் வருடங்களில் அந்த அறைகள்தான் கை கொடுக்கும் என்று ஒரு அம்மணி என்னிடம் சொன்னார். காலை, மதியம், மாலைச் சிற்றுண்டி, இரவு என நான்கு வேளைச் சாப்பாடும் குதிரைச் சவாரியும் வாடகைக்குள்ளேயே அடங்கும். எழுதிக் கேட்கும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நாங்கள் இருக்கும் நாட்களில் பண்ணையில் என்ன வேலை நடக்கும்?" பதில் நிகழ்ச்சி நிரல் போல வந்தால் அது காட்சிப் பண்ணை. "மழையைப் பொறுத்து" என்று வந்தால் பணத்தைக் கட்டுங்கள்.

பனங்கிழங்கு | பதிவு 4

ஊர்க்குருவி அண்ணை, மண்டபம் எண்டு சொல்லி ஒரேயடியாத் தள்ளிப்போட ஏலாது. நாங்கள் பார்த்த 'சொர்த்திஹா' போட்டி சும்மா எங்களுக்கெண்டு காட்டினது இல்லை. ஒரு வளைவில சின்ன மோதிரம் ஒண்டைத் தொங்க விட்டிருப்பினம். குதிரையை முழு வேகத்தில விட்டு, அங்கவடியில எழும்பி நிண்டு, பென்சில் அளவு குச்சியால அந்த மோதிரத்தைக் கொத்தி எடுக்க வேணும். அந்தப் பெடியள் ஞாயிற்றுக்கிழமையள்ல தங்கட ஊர்த் திடலிலயும் இதைத்தான் செய்யினம். பார்க்க ஆள் இல்லாட்டியும் செய்வினம்.

நவம்பர் எண்டா இன்னுமொண்டு. நவம்பர் 10 அர்ஜென்டினாவில மரபு நாள். கௌச்சோவின்ர கதையை நெடுங்கவிதையாப் பாடின ஹோசே எர்னாந்தெஸ் 1834இல பிறந்த நாள். அந்த நாளையொட்டி அரேக்கோவில பெரிய விழா நடக்கும். சுத்துவட்டாரப் பண்ணையாக்கள் தங்கட குதிரையள ஓட்டிக்கொண்டு ஊருக்குள்ள வருவினம். அது கல்யாண மண்டபம் இல்லை, ஊர்த் திருவிழா.

மாட்டுவைத்தியர் | பதிவு 5

நாமக்கல்லுல படிச்சவனுங்க. ஒரு பயிற்சிக்காக உருகுவே போயி ரெண்டு மாசம் இருந்துட்டு வந்தேன். சுற்றுலாவெல்லாம் தெரியாதுங்க, மாட்டைப் பத்திச் சொல்றேன்.

ஜனத்தொகை ஏறக்குறைய 34 லட்சம். மாடு ஒரு கோடிக்கு மேல. ஆளுக்கு மூணு மாட்டுக்குக் குறையாதுங்க. இதுல ஒரு மாடுகூட உள்ளூர் இனம் இல்லைங்கறதுதான் வேடிக்கை. 1611லயும் 1617லயும் எர்னாந்தாரியாஸ்ங்கிற கவர்னர் ஆத்துக்கு உருகுவே பக்கம் மாடுகளைக் கொண்டாந்து விட்டாரு. வேலியும் இல்ல, மேய்க்க ஆளும் இல்ல. அதுக பாட்டுக்குப் பெருகிருச்சுங்க. தோலுக்கும் கொழுப்புக்கும் அந்தக் காட்டு மாடுகளைத் துரத்திப் பிடிச்ச ஆளுகதான் பின்னாடி கௌச்சோ ஆனாங்க. இப்ப மேயறது பெரும்பாலும் ஹெரிஃபோர்டும் ஆங்கஸும். ரெண்டுமே பிரிட்டன்ல இருந்து வந்த இனம்.

நான் அசந்துபோன விசயம் காதுத் தோடு. 2006ல இருந்து பிறக்கிற ஒவ்வொரு கன்னுக்கும் ரெண்டு தோடு போட்டாகணும், ஒண்ணு கண்ணுக்குத் தெரியற எண், இன்னொண்ணு மின்னணு. எந்தப் பட்டியில பிறந்துச்சு, எங்கெங்க கை மாறுச்சு, எல்லாம் அரசாங்கப் பதிவுல நிக்கும். 2001ல கோமாரி வந்து ஏற்றுமதி படுத்துப்போச்சு. வாங்கறவங்களோட நம்பிக்கையை மறுபடி பிடிக்க இந்தப் பதிவு ரொம்ப உதவுச்சுங்க. பண்ணைக்குப் போனா அந்தத் தோட்டைப் படிக்கிற கருவியைக் காட்டச் சொல்லுங்க, பொண்ணு ரசிப்பா.

ஒரு எச்சரிக்கை. கன்னுகளுக்குச் சூடு போடறதும் காயடிக்கிறதும் ஒரே நாள்ல நடக்கும், பெரும்பாலும் குளிர் காலத்துல. 'வேலை நடக்கிற பண்ணை'ன்னு ஆசைப்பட்டு அன்னிக்குப் போய் மாட்டிக்காதீங்க. சத்தமும் தீய்ஞ்ச வாசமும் 10 வயசுக் குழந்தை தாங்கறதில்லைங்க. நவம்பர்ல செம்மறிக்கு ரோமம் கத்தரிப்பாங்க, அது நல்லாருக்கும். கூலிக் குழு ஒண்ணு பண்ணை பண்ணையாப் போய் வெட்டும். முழு ரோமமும் கிழியாத போர்வை மாதிரி கழண்டு வர்றதைப் பாக்கணும்.

புளியோதரை | பதிவு 6

தம்பி, நான் சைவம். அர்ஜென்டினாவுல 11 நாள் இருந்தேன். சாப்பாட்டு விஷயத்துல நான் பட்டதைக் கேட்டுக்கோங்க.

"சின் கார்னே"ன்னு மட்டும் சொல்லாதீங்க. இறைச்சி இல்லாமன்னுதான் அர்த்தம், ஆனா அந்த ஊர்க்காரங்க 'கார்னே'ன்னா மாட்டிறைச்சியைத்தான் நினைக்கிறாங்க. நான் சிரிச்ச முகமா "சின் கார்னே"ன்னு சொன்னேன், அவங்களும் சிரிச்ச முகமா கோழி கொண்டுவந்து வெச்சாங்க. மறுநாள் ஹாம். அதுக்கப்புறம் பாடமாவே ஒப்பிச்சேன்: "வெஹெதாரியானா, நி போஷோ, நி ஹமோன், நி பெஸ்காதோ." கோழி, பன்றி, மீன் எதுவும் கூடாதுன்னு. அம்மாவுக்கு "நி உவேவோ" சேர்த்துக்கோங்க, முட்டை.

கிடைக்கறது என்னன்னா, இரும்புக் கம்பி அடுப்புலயே உருக்கித் தர்ற ப்ரோவோலேத்தா சீஸ், சுட்ட குடமிளகாய், கத்திரிக்காய், சோள எம்பனாதா, சாலட், உருளைக்கிழங்கு. சீஸை இறைச்சி சுடற அதே கம்பி மேலதான் வைப்பாங்க. தனிச் சட்டியில பண்ணச் சொல்லி முன்னாடியே எழுதிடுங்க. சோள எம்பனாதா மாவுல மாட்டுக் கொழுப்பு இருக்கலாம், கேட்காம எடுக்காதீங்க. காலையில வர்ற பிறை வடிவ ரொட்டியும் ரெண்டு வகை: 'தே மாந்தேகா'ன்னா வெண்ணெய், 'தே கிராசா'ன்னா மாட்டுக் கொழுப்பு. நான் மூணு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுண்டேன். விட்டுடுங்க அந்தக் கதையை.

துல்சே தே லேச்சே மட்டும் கவலையே இல்லாம சாப்பிடலாம். பாலும் சர்க்கரையும் சுண்டக் காய்ச்சினது. நம்ம பால்கோவா இன்னும் கொஞ்சம் இளகி, பழுப்பா ஆனா எப்படி இருக்குமோ அப்படி.

ஊர்க்குருவி | பதிவு 7

புளியோதரை அம்மாவுக்கு ஒரு பின்னிணைப்பு. மழை பெய்தால் பண்ணையில் யாரும் வெளியே போக மாட்டார்கள். தோர்தா ஃப்ரீத்தா பொரிப்பார்கள். வட்டமாகத் தேய்த்து நடுவில் ஓட்டை போட்ட மைதா ரொட்டி, பார்க்கப் பூரியின் ஒன்றுவிட்ட தம்பி. வழக்கமாகப் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். மாவில் போடுவதும் அதுவே. வரும் வழியில் ஒரு பாட்டில் சூரியகாந்தி எண்ணெய் வாங்கிக்கொண்டு போய் நீட்டினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கல்லுப்பிள்ளையார் | பதிவு 8

குறுக்கிடுறதுக்கு மன்னிக்கணும். குதிரையைக் கம்பத்துல கட்டி, சீண்டி, அவுத்துவிட்டு அது மேல ஒருத்தன் உக்காந்திருக்கிற போட்டியை வீடியோவுல பாத்தேன். இதுக்கெல்லாம் காசு குடுத்துப் போகணுமா?

ஊர்க்குருவி | பதிவு 9

அது ஹினெத்தேயாதா. பிரிவுக்குத் தக்கபடி 8 நொடியிலிருந்து 15 நொடி வரை விழாமல் இருக்க வேண்டும். மணி அடித்ததும் இரண்டு பேர் இருபுறமும் குதிரையில் வந்து ஆளைத் தூக்கிக்கொள்வார்கள். உருகுவேயிலேயே இதை எதிர்த்துப் போராடுகிறவர்கள் உண்டு. எனக்கும் பிடிக்கவில்லை, ஒருமுறை பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். குடும்பமாகத் தங்கும் பண்ணைகளில் நான் இதைப் பார்த்ததில்லை. பெரும்பாலும் விழாக்களில்தான் நடக்கும்.

கல்லுப்பிள்ளையார் | பதிவு 10

அப்ப ஜல்லிக்கட்டுக்கு மட்டும்

நெறியாளர் | பதிவு 11

அதற்குத் தனி இழை இருக்கிறது, 140 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போகவும். இங்கே பண்ணை.

ஊர்க்குருவி | பதிவு 12

தறிக்காரன் கேட்ட குதிரை விஷயத்துக்கு வருகிறேன். பயப்பட வேண்டாம். அங்கத்திய கிரியோஷோ குதிரை குள்ளம், நிதானம், பிடிவாதமான உழைப்பு. 1925இல் ஏமே ச்சிஃபேலி என்ற சுவிஸ்காரர் மாஞ்சா, காத்தோ என்று இரண்டு கிரியோஷோ குதிரைகளை ஓட்டிக்கொண்டு புவனோஸ் அயர்ஸிலிருந்து கிளம்பி, 1928இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். இரண்டுமே இளங்குதிரைகள் இல்லை. உங்களைப் பண்ணையைச் சுற்றி இரண்டு மணி நேரம் தூக்கிப் போவது அந்த இனத்துக்கு ஒரு வேலையே இல்லை.

சேணம் நாம் படத்தில் பார்க்கிற வெறும் தோல் சேணம் இல்லை. அடுக்கடுக்காகப் போட்டு, மேலே செம்மறித் தோலை ரோமத்தோடு விரித்திருப்பார்கள். மெத்தை மாதிரி இருக்கும். கடிவாளத்தை இடது கையில் மட்டும் பிடிக்க வேண்டும். வாயை இழுக்கக் கூடாது, கழுத்தில் வார் பட்டால் குதிரை திரும்பும். ஜீன்ஸ் வேண்டாம், உள்தொடைத் தையல் அறுத்துவிடும், இரண்டாம் நாள் நடக்க முடியாது. ஊர்க்கடைகளில் கிடைக்கும் பொம்பாச்சா என்ற தொளதொளக் கால்சட்டை ஆளுக்கு ஒன்று வாங்குங்கள்.

தலைக்கவசம் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் போடுவது துணித் தொப்பி. பொண்ணுக்குக் கவசம் நீங்களே கொண்டுபோங்கள். பயணக் காப்பீட்டில் குதிரைச் சவாரி அடங்குமா என்பதையும் படித்துப் பாருங்கள், பலவற்றில் அடங்காது.

அடுத்து மாத்தே, அங்கத்திய கசப்பு இலைத் தேநீர். அது பானம் இல்லை, சபை. ஒரே குடுவை, ஒரே உலோக உறிஞ்சுகுழல், எல்லாருக்கும் அதேதான். ஊற்றிக் கொடுக்க ஒருவர் இருப்பார். முதல் குடுவையை அவரே குடித்துவிடுவார், அதுதான் கசப்பு அதிகம். பிறகு ஒவ்வொருவருக்கும் வெந்நீர் ஊற்றி நீட்டுவார். குழலைப் போட்டுக் கிளறாதீர்கள். காலி ஆகும்வரை குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். 'கிராசியாஸ்' சொல்லாதீர்கள். நன்றி சொன்னால் "எனக்குப் போதும்" என்று அர்த்தம், அடுத்த சுற்றில் உங்களைத் தாண்டிவிடுவார்கள். எச்சில் பார்க்கிறவர்கள் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று, பறவைகள். தேரோ என்று ஒன்று, புல்லில் கால் வைத்தாலே கத்தித் தீர்க்கும். கேட்டவுடன் உங்களுக்கு ஆள்காட்டிக் குருவி ஞாபகம் வரும். வரத்தான் வேண்டும், இரண்டும் ஒரே பேரினம். முட்டை ஓரிடத்தில் இருக்க, இன்னோரிடத்தில் நின்று கத்தி ஆளை ஏமாற்றும். உருகுவே ரக்பி அணிக்கே அதன் பெயர்தான். ஞாந்தூ என்று தீக்கோழி மாதிரி ஒன்று மாட்டு மந்தைக்குள்ளேயே மேயும். அதில் அடைகாப்பது ஆண்.

நெய்தல் | பதிவு 13

வேற புல்வெளிகளும் இருக்கே. கொலம்பியாவுல கசனாரே பக்கம் ஷானோஸ் சமவெளிக்குப் போனேன். மந்தை ஓட்டறப்பவும் பால் கறக்கறப்பவும் மாட்டுக்குப் பாடற பாட்டு இன்னும் இருக்கு. 2017ல யுனெஸ்கோ அதை உடனே காப்பாத்த வேண்டிய பட்டியல்ல சேர்த்துச்சு. விடியக்காலைல ஒருத்தர் பாடக் கேட்டேன், மாடு அசையாம நின்னுச்சு. ஆனா நவம்பர் வரைக்கும் அங்க மழை, பாதி நிலம் தண்ணிக்குள்ள. டிசம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள போகணும்.

அர்ஜென்டினாவுலயே இபெரா சதுப்பு நிலம் இருக்கு, கொரியன்தெஸ் மாநிலத்துல. கபிபாரா (எலி இனத்துலயே பெரிசு) வீட்டு வாசல்ல மேயும். 2021ல இருந்து ஜாகுவாரைத் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்காங்க. ஆனா மெர்செதெஸ் ஊர்ல இருந்து உள்ள போக 120 கிலோமீட்டர், பெரும்பாலும் மண் ரோடு. 6 நாள்ல அம்மாவோட கஷ்டம்.

மாட்டுவைத்தியர் | பதிவு 14

வடக்கே பிரேசில்ல பந்தனால் சதுப்பு நிலம் பக்கம் போனா வெள்ளை வெளேர்னு திமிலோட மாடு நிக்குங்க. பாத்தவுடனே நம்ம ஊருக்கே வந்துட்ட மாதிரி இருக்கும். நெலோர்னு பேரு. நம்ம ஆந்திராவோட ஓங்கோல் மாட்டு வம்சம், நெல்லூர்ங்கிற பேருதான் அப்படி ஆயிருச்சு. வெயிலும் உண்ணியும் தாங்கற மாடு.

முக்கியமானதை விட்டுட்டேன். மஞ்சக் காய்ச்சல் தடுப்பூசிங்க (காமாலை இல்ல, கொசு பரப்பற காய்ச்சல்). அர்ஜென்டினா, பிரேசில், கொலம்பியா போயிட்டு இந்தியா திரும்பறப்ப சான்றிதழ் கேப்பாங்க. இல்லைன்னா தனிமைப்படுத்தி வெச்சிருவாங்க. கிளம்பறதுக்கு 10 நாள் முந்தியாவது போட்டிருக்கணும். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க, முன்பதிவு பண்ணிட்டுப் போங்க. ஒருதடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். 60 தாண்டினவங்களுக்கு இந்த ஊசியில கொஞ்சம் யோசிக்கணும், அம்மாவை டாக்டர்கிட்டக் காட்டிட்டு முடிவு பண்ணுங்க. நான் மாட்டு டாக்டர், அதுக்கு மேல சொல்ல மாட்டேன்.

பனங்கிழங்கு | பதிவு 15

விசாவும். அர்ஜென்டினா வேற, உருகுவே வேற. ஆத்தைக் கடந்து போட்டுத் திரும்பி வரேக்க மறுபடி உள்ள விடுவினமோ எண்டு விசாவில எத்தினை நுழைவு எண்டதைப் பாருங்கோ. ரெண்டு தூதரகத்தின்ர தளத்தையும் பார்த்துச் செய்யுங்கோ. முகவரை மட்டும் நம்பாதேங்கோ, நாங்கள் நம்பி ஒரு கிழமை போச்சு.

தறிக்காரன் | பதிவு 16

எல்லாருக்கும் நன்றி. (இங்க நன்றி சொல்லலாம்ல?) முடிவு பண்ணியாச்சு. ஒருநாள் அரேக்கோ ஊரை மட்டும் சுத்திப் பாக்கறோம், பண்ணை நிகழ்ச்சி இல்லாம. அப்புறம் படகுல ஆத்தைக் கடந்து மான்டெவீடியோ. அங்கிருந்து வடக்கே புளோரிதா மாவட்டத்துல ஒரு குடும்பப் பண்ணை, 3 ராத்திரி. என்ன வேலை நடக்கும்னு எழுதிக் கேட்டேன். ஒரே வரிப் பதில்: "செம்மறி இருக்கு, ரோமம் வெட்டுற குழு எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியாது." பணம் கட்டிட்டேன்.

தறிக்காரன் | பதிவு 17

திரும்பி வந்து ஒரு வாரம் ஆச்சு. சொல்ல நிறைய இருக்கு, தோணுறதை எழுதறேன்.

பஸ் டிரைவர்கிட்ட ஊர் பேர் சொல்லல, கிலோமீட்டர் எண் சொன்னோம். நடு ரோட்டுல ஒரு கல்லுக்குப் பக்கத்துல இறக்கிவிட்டுட்டார். சுத்தி ஒண்ணுமே இல்ல. அம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே! அஞ்சு நிமிஷத்துல பழைய பிக்கப் வண்டி ஒண்ணு தூசியைக் கிளப்பிட்டு வந்துச்சு.

முதல் நாள் சரியான வெயில். சாயங்காலம் தெற்கிலிருந்து திடீர்னு ஒரு காத்து, பாம்பேரோன்னு சொன்னாங்க. ஒரு மணி நேரத்துல ஸ்வெட்டர் தேட வெச்சுடுச்சு. மறுநாள் முழுக்க மழை. ரோமம் வெட்டுற குழு வரல, நனைஞ்ச ஆட்டை வெட்ட மாட்டாங்களாம். நான் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அம்மா எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கிட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க. அந்த வீட்டம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது. கொழுப்பு டப்பாவைத் தள்ளி வெச்சு, எண்ணெய் விட்டுத் தனியா மாவு பிசைஞ்சு, ரெண்டு பேரும் மத்தியானம் வரைக்கும் பொரிச்சாங்க. நடுவுல ஓட்டை போட்டா உப்பாதேன்னு அம்மா ஓட்டை இல்லாம நாலு போட்டுக் காட்டினாங்க. உப்பிச்சு. வீட்டம்மா கைதட்டினாங்க, ஆனா அடுத்ததுல திரும்ப ஓட்டை போட்டுட்டாங்க.

மூணாம் நாள் காலையில நாங்க மூணு பேரும் குதிரையில மாடு ஓட்டிட்டுப் போனோம். 'ஓட்டினோம்'னு சொல்றது சும்மா. குதிரையும் நாயும் ஓட்டுச்சு, நாங்க மேல உக்காந்திருந்தோம். 40 மாட்டை ஒரு அடைப்புலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தணும், கதவு திறந்து மூடற வேலை பொண்ணுக்கு. தேரோ விடாம கத்துச்சு. காதுத் தோட்டைப் படிக்கிற கருவியையும் டாக்டர் சொன்ன மாதிரியே கேட்டு வாங்கினோம். அவ ஒவ்வொரு மாட்டுக்கும் எண்ணைப் படிச்சுப் படிச்சு, கடைசியில ஒண்ணுக்குப் பேரே வெச்சுட்டா. அதை வெச்சிருக்கக் கூடாதுன்னு அப்புறம் தோணுச்சு, ஏன்னா அது எங்க போகப் போற மாடுன்னு எனக்குத் தெரியும். அவளும் கேட்டா. பண்ணைக்காரர் மறைக்காம சொல்லிட்டார். அன்னிக்கு ராத்திரி அவ சரியாச் சாப்பிடல.

ராத்திரி 11 மணிக்கு வெளிய வந்தா இருட்டுன்னா அப்படி ஒரு இருட்டு. அம்மாதான் முதல்ல பாத்தாங்க, திருவாதிரை கீழ கிடக்குன்னு. அது இருக்கிற வேட்டைக்காரன் (ஓரியன்) நட்சத்திரக் கூட்டமே மொத்தமா தலைகீழா நிக்குது. கழுத்து வலிக்க வலிக்கப் பாத்தோம்.

ஊர்க்குருவி அண்ணா சொல்லியும் மாத்தே விஷயத்துல கோட்டை விட்டோம். அம்மாகிட்ட சொல்ல மறந்துட்டேன். முதல் நாள் குடுவையை வாங்கினதும் பெருமையா "கிராசியாஸ்"ன்னுட்டாங்க, விமானத்துல கத்துக்கிட்ட ஒரே வார்த்தை. அடுத்த சுத்துல அவங்களைத் தாண்டிட்டாங்க. அதுக்கடுத்த சுத்துலயும். "வயசானவன்னு ஒதுக்கறாங்கடா"ன்னு ராத்திரி என்கிட்ட ஒரே புலம்பல். விஷயத்தைச் சொன்னேன். மூணாம் நாள் ஒரு வார்த்தை பேசாம, முகத்தை உர்ருன்னு வெச்சுக்கிட்டு, ஏழு குடுவை குடிச்சாங்க. ராத்திரி பூரா தூங்கல.

புளியோதரை | பதிவு 18

ஏழா? அதுல காபி மாதிரியே காஃபீன் இருக்கு தம்பி! அம்மாவுக்கு என் நமஸ்காரம். ரோமம் வெட்டறவங்க கடைசி வரைக்கும் வரவே இல்லையா?

தறிக்காரன் | பதிவு 19

நாங்க பஸ்ஸுக்காக அந்தக் கிலோமீட்டர் கல்லுகிட்ட நிக்கறப்ப எதிர்ல ஒரு லாரி பண்ணைப் பக்கம் திரும்புச்சு அக்கா. பின்னாடி எட்டுப் பேர், வெட்டுற மிஷின் எல்லாம் ஏத்தி. பொண்ணு கைகாட்டினா, அவங்களும் காட்டினாங்க.